விண்டோஸ் 11-ஐக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேட்டவரின் கேள்வி இது: "2018 வாக்கில் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10 ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாகத்தான். சப்போர்ட் முடிந்துவிட்டது, 11-க்கு மாறுங்கள் என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறது. 11 ரொம்ப வேகம் என்கிறார்கள். லைசென்ஸ் வாங்கிப் போட்டுவிடலாமா, இல்லை புது லேப்டாப்பே வாங்கிவிடலாமா?"

லைசென்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப் 11-ஐ ஏற்கும் என்றால் அது இலவசமாகவே வரும். ஏற்காது என்றால், நீங்கள் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பதால் மட்டும் அது மனம் மாறப் போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் லைசென்ஸ் என்ற பெயரில் பணம் செலவழிக்க உங்களுக்குக் காரணமே இல்லை.

முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்தாலே 11-க்கு மாறும் உரிமையும் அதோடு சேர்ந்திருக்கிறது. ஹோம் என்ற சாதாரணப் பதிப்பை வைத்திருப்பவருக்கு ஹோம், ப்ரோ என்ற கூடுதல் வசதிப் பதிப்பை வைத்திருப்பவருக்கு ப்ரோ. விண்டோஸோடு சேர்த்து விற்கப்பட்ட லேப்டாப் என்றால் அதன் கீ (ஆக்டிவேட் செய்யும் எண்) பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதை நீங்கள் தட்டச்சு செய்யக்கூட வேண்டாம். தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டிய நிலை வருவது, உதிரி பாகங்களை வாங்கித் தானே கணினி அசெம்பிள் செய்பவருக்குத்தான். அவரும் அநியாயத்துக்கு மலிவாக இணையத்தில் விற்கும் கீகளைத் தொடாமல் இருப்பது நல்லது. அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த லைசென்ஸைப் பிரித்து விற்பவை. இன்று ஆக்டிவேட் ஆகும், ஒரு நாள் காலையில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று நிற்கும். யாரிடம் போய்க் கேட்பது?

ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறக் காசு கேட்பார்கள். அதுவும் வேண்டாம். ப்ரோவில் கூடுதலாக இருப்பவை பிட்லாக்கர், வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப், ஹைப்பர்-வி, க்ரூப் பாலிசி போன்றவை. இந்தப் பெயர்களில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பரிச்சயம் என்றால் யோசியுங்கள். இல்லையென்றால் ஹோம் போதும்.

அப்படியானால், உங்கள் லேப்டாப் 11-ஐ ஏற்குமா? 2018 என்று நீங்கள் சொன்னதுதான் கொஞ்சம் சங்கடமான ஆண்டு. மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு சரியாக அந்த இடத்தில்தான் ஓடுகிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஓரிரு விதிவிலக்குகளோடு. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல், அதிலும் எல்லாம் இல்லை, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. எட்டாம் தலைமுறை இன்டெல் 2017 ஆகஸ்டில் வந்தது. ஆனால் ஏழாம் தலைமுறைச் சரக்கு 2018 முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே ஒரே மாதத்தில் ஒரே மாதிரி தோற்றத்தில் வாங்கிய இரண்டு லேப்டாப்களில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று ஆகிவிட்டது. ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். ஐ5-7200யு என்று இருந்தால் ஏழு, கோட்டுக்கு வெளியே. ஐ5-8250யு என்று இருந்தால் எட்டு, உள்ளே. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதன் கீழே 'அபவுட்' என்று போனால் இது தெரியும். எண்களோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றால், மைக்ரோசாஃப்டே 'பிசி ஹெல்த் செக்' என்று ஒரு செயலி தருகிறது. அதை ஓட்டினால் எது இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

அது 'டிபிஎம் 2.0 இல்லை' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு சின்னப் பாதுகாப்புப் பகுதி. 11 அறிவிக்கப்பட்ட 2021 ஜூனில் பலர் பதறிப்போய்த் தனி டிபிஎம் சில்லு தேடி அலைந்தார்கள். அந்தக் காலகட்டத்துக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது ப்ராசஸரோடே வந்திருந்தது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பில், அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். கணினி எழும்போது பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்தால் முடிந்தது. 11 கேட்கும் இன்னொன்றான செக்யூர் பூட்டும் (கணினி எழும்போதே அங்கீகாரமில்லாத மென்பொருள் நுழையாமல் தடுப்பது) அப்படித்தான். பழைய லெகசி முறையில் விண்டோஸ் நிறுவியிருந்தால் மட்டும் வட்டைப் பகுதிகளாகப் பிரித்திருக்கும் முறையை முதலில் மாற்ற வேண்டும். அது கை நடுங்கும் வேலை. பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். உங்கள் உண்மையான வருத்தம் அதுதான் என்று நினைக்கிறேன். "கொஞ்சம் மெதுவாகத்தான்" என்று ஓரமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

2018 லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட்டால் வேகம் அதிகரிக்காது. பத்துக்கும் பதினொன்றுக்கும் அடிப்படை ஒன்றே. மேலே போட்ட சட்டைதான் வேறு. வேகத்தில் 11 உண்மையாகவே முந்தும் இடம் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் வந்த பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்து, ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை கலந்து வருகின்றன. எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்பதை 10-ஐவிட 11 நன்றாக அறியும். உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய காலத்துச் சில்லு, அதில் எல்லாக் கோர்களும் ஒரே வகை, ஆகவே இந்த ஆதாயம் உங்களுக்குக் கிடையாது. இன்னொரு பக்கம், 11 வெளியான புதிதில் ஏஎம்டி ப்ராசஸர்களில் சில விளையாட்டுகள் 10 முதல் 15 சதவீதம் வரை வேகம் இழக்கலாம் என்று ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் 'புதியது என்றால் வேகமானது' என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது என்பதற்கு இது போதும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே எச்டிடி என்று எழுதியிருந்தால் மெதுவாக இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தேடும் தகவல் ஊசி முனைக்கு வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி வினாடி. ஆக ஒரு சின்னக் கோப்பைத் தொட ஏறக்குறைய 17 மில்லி வினாடி. வினாடிக்கு அறுபது முறை தொட்டால் பெரிது. விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தொட வேண்டும். எஸ்எஸ்டி தகவலைச் சில்லுகளில் வைப்பது; அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை; ஒரு தொடுகைக்கு 0.1 மில்லி வினாடிகூட ஆகாது. எந்த இயங்குதளப் பதிப்பும் இந்த இடைவெளியை மூடித் தர முடியாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பை முதல் தடவை ஆன் செய்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ரேம் 4 ஜிபி என்றால் அதை எட்டாக்குவது அடுத்த வேலை. 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று எழுதியிருப்பார்கள். இந்த 'குறைந்தபட்சம்' என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1995-இல் விண்டோஸ் 95-க்கு 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். ஓடும்தான். ஆனால் நிம்மதியாக ஓட 8 எம்பி வேண்டும் என்பது வாங்கிய எல்லோருக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துபோனது. சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்ற முடியாது. எஸ்எஸ்டியிலும் 2.5 அங்குலப் பெட்டி வடிவம், எம்.2 அட்டை வடிவம் என்று இரண்டு உண்டு. மாடல் எண்ணை வைத்து உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது இந்த ஆரவாரத்தைப் பற்றி. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வரும்போது இதே மேளம்தான் அடிக்கிறார்கள். அதில் ஒரு முறை மேளத்துக்குத் தகுந்த சரக்கும் இருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தபோது நள்ளிரவில் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதற்கு முன்னால் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு நிரல் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் மொத்தக் கணினியும் மாட்டிக்கொள்ளும். ஒரு சவுண்ட் கார்டு போட அரை நாள் போகும். அவ்வளவையும் ஒரே தாவலில் தாண்டினார்கள். ஃப்ளாப்பியில் வாங்கியவர்கள் பதின்மூன்று ஃப்ளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினார்கள், யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதிரித் தாவல் பிறகு அபூர்வமாகிவிட்டது. 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்த விஸ்டாவின் கதை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. அது வருவதற்கு முந்தைய ஆண்டே, விற்பனையில் இருந்த கணினிகளில் 'விஸ்டா கேப்பபிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றில் இருந்த இன்டெல் 915 கிராஃபிக்ஸால் விஸ்டாவின் கண்ணாடி போன்ற அந்தப் பிரபலத் தோற்றத்தைக் காட்டவே முடியாது. வழக்கு நீதிமன்றம் போனது. மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் 2008-இல் வெளியே வந்தன. அவற்றில் ஒன்றில் அந்நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், தன்னிடம் இப்போது இருப்பது 2,100 டாலர் மின்னஞ்சல் இயந்திரம்தான் என்று நொந்து எழுதியிருந்தார். செய்தவர்களுக்கே ஸ்டிக்கரை நம்பி ஏமாற்றம் என்றால் மற்றவர்கள் கதி?

2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து 8.1-இல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். விண்டோஸ் 11-க்கும் இந்த எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் போடும் வசதி 2021-இல் காணாமல் போய் அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. டாஸ்க்பாரில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகப் பெயர் காட்டும் வசதி திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின. திரும்பி வந்ததும் அதையே புதிய வசதி என்று அறிவித்தார்கள். அறிமுக நிகழ்ச்சியில் பெரிதாகக் காட்டிய ஆண்ட்ராய்டு செயலிகள் எங்கே? 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு அந்த ஏற்பாடே முடிந்துவிட்டது. அதை நம்பி 11 வாங்கியவர் கையில் இப்போது நடுவில் வைத்த ஸ்டார்ட் பட்டனும் முனை மழுங்கிய ஜன்னல்களும் மிச்சம்.

நல்லதும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஜன்னல்களைத் திரையில் பகுத்து அடுக்கும் ஸ்னாப் லேஅவுட் நிஜமாகவே வசதி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இவை இலவசமாக வந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளலாம், இவற்றுக்காகப் புது லேப்டாப் வாங்க வேண்டாம். இப்போது அதிகம் பேசப்படும் ஏஐ வசதிகளில் பெரியவை, ரீகால் (திரையில் பார்த்ததைப் படமெடுத்து வைத்துப் பிறகு தேடித் தருவது) போன்றவை, தனி என்பியு (ஏஐ கணக்குகளுக்கான சில்லு) கொண்ட கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளுக்கு மட்டும். 16 ஜிபி ரேம், வினாடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்குகள் போடும் சில்லு எல்லாம் கேட்கும். உங்கள் லேப்டாப்பில் 11 போட்டாலும் அவை எட்டிப் பார்க்காது.

இவ்வளவு சொல்லிவிட்டு, மாறுங்கள் என்றும் சொல்லப் போகிறேன். வசதிக்காக இல்லை, ஒரு தேதிக்காக. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அதில் வழக்கமான ஒட்டு (பாதுகாப்புத் திருத்தம்) கிடையாது. விளம்பரத்தில் சின்ன எழுத்தில்கூட வராத இந்தத் தேதிதான் ஒரு இயங்குதளத்தில் நான் முதலில் பார்ப்பது. 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் நினைவிருக்கலாம். எக்ஸ்பி போன்ற கிழட்டுப் பதிப்புகளால் வந்த வினை என்று அப்போது பலர் பேசினார்கள். மாட்டிக்கொண்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அது சப்போர்ட்டில்தான் இருந்தது, ஒட்டும் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வந்துவிட்டது; அப்டேட் போடாமல் விட்டிருந்தார்கள். கணினியின் வயதைவிடக் கடைசியாக ஒட்டு விழுந்த தேதி முக்கியம். 11-க்கு மாறிவிட்டால் இது முடிந்தது என்றும் இல்லை: ஹோம், ப்ரோ பதிப்புகளில் ஆண்டுக்கொரு முறை வரும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 24 மாதம்தான் ஆயுள். அப்டேட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் 11-இலும் அதே கதைதான்.

லேப்டாப் ஏழாம் தலைமுறை என்று தெரிந்தால் அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசு இல்லாமலும் சேரலாம். இரண்டாவது வழி இருக்கும்போது முதல் வழி எதற்கு? பிரவுசர், மெயில், படம் பார்ப்பது, ஏதோ கொஞ்சம் தட்டச்சு, இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் நன்றாக ஓடும், விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாகவும் தெரியாது. அடோபி மென்பொருள்களும் எம்எஸ் ஆஃபிஸும் கட்டாயம் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தடையைச் சுற்றிக்கொண்டு 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகளும் உண்டு, ஓடவும் செய்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி இல்லை என மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. அப்டேட்டுக்காக மாறப் போய், அப்டேட்டுக்கு உறுதியில்லாத இடத்தில் போய் உட்காருவதில் எனக்கு உடன்பாடில்லை. சோதித்துப் பார்க்கும் இரண்டாவது கணினி என்றால் செய்யுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் வேண்டாம்.

எப்போது மாறுவது என்பதில் என் வழக்கம், புதிய வெளியீடு வந்து மூன்று மாதம் கழித்து. கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. ஒரு தடவை, வெளியான முதல் வாரத்திலேயே ஒரு பதிப்பை என் வேலைக் கணினியில் ஏற்றினேன். யாருடைய பதிப்பு என்பது இங்கே வேண்டாம். மறுநாள் ஸ்கேனர் பேச மறுத்தது. டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வரும் வரும் என்றார்கள், கடைசி வரை வரவில்லை. நல்ல நிலையில் இருந்த ஸ்கேனரை ஓரங்கட்டி வேறு வாங்கினேன். அந்த அப்கிரேடின் விலை என்ன என்று யாராவது கேட்டால் ஸ்கேனரையும் சேர்த்துத்தான் சொல்வேன். இது எனக்கு மட்டும் நடந்த துரதிர்ஷ்டமும் இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 வெளியீடு சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டது. சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்று, நவம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். ஆப்பிள் பக்கமும் இப்படித்தான். புதிய வசதி எதுவும் இல்லை என்று மேடையிலேயே சொல்லி, முந்தைய பதிப்பு 129 டாலராக இருக்க வெறும் 29 டாலருக்கு 2009-இல் விற்ற ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் பதிப்பை இன்றும் சிலாகிப்பவர்கள் உண்டு. அதிலேயே தொடக்கத்தில், விருந்தினர் கணக்கில் நுழைந்து வெளியே வந்தால் சிலருக்குத் தங்கள் சொந்தக் கோப்புகள் மாயமாகியிருந்தன.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள். எட்டு என்றால், முதலில் எஸ்எஸ்டி, தேவையானால் ரேம். அப்புறம் 11, இலவசமாக, விண்டோஸ் அப்டேட் வழியாகவே. ஏற்றுவதற்கு முன்னால் முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். உங்கள் பிரிண்டர், ஸ்கேனர் தயாரிப்பாளரின் தளத்தில் 11-க்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: எஸ்எஸ்டியில் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், அண்மை வெளியீடுகள் உங்களைக் கேட்காமலே வட்டை மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்துவிடக்கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். என்றைக்காவது பயாஸில் எதையோ மாற்றியதும் கணினி அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். அப்போது கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது.

10-க்கு மேலேயே 11-ஐ ஏற்றிப் பிடிக்கவில்லையென்றால் பத்து நாள் அவகாசம் இருக்கிறது. செட்டிங்ஸில் 'ரெக்கவரி' என்ற இடத்தில் 'கோ பேக்' என்பதை அழுத்தினால் பழைய 10 அப்படியே திரும்பி வரும். அந்தப் பத்து நாளுக்குள் 'டிஸ்க் க்ளீனப்' ஓட்டிப் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அவை இருந்தால்தான் திரும்பிப் போக முடியும்.